எரிக்காமல் விட்ட சீரம்

குளிர வைப்பது என் தொழில். மீன் கிடங்கு, பூ மொத்தக் கடை, மருந்துக் குடோன் என்று நான் ஏறி இறங்காத இடமில்லை. பிணவறையில் கம்ப்ரஸர் மாற்றிவிட்டு, அங்கேயே ஓரமாக உட்கார்ந்து மத்தியானச் சாப்பாட்டை முடித்தவன் நான். ஆகவே இதைப் படிக்கிறவர்கள் என்னைத் தொட்டதற்கெல்லாம் அலறுகிற ஆள் என்று நினைத்துவிட வேண்டாம்.

அன்று காலையிலிருந்தே மழை. பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் இருக்கிற ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து, குளிர் அறை குளிரவில்லை என்று போன் வந்திருந்தது. அங்கேதான் என் மனைவியின் தம்பி வேலை பார்க்கிறான். நான் பைக்கை எடுக்கும்போது அவள் வாசல் வரை வந்தாள்.

"ரூம் குளிர்ந்தா குளிரட்டும், குளிராட்டி போகட்டும். அவனைக் கையோட கூட்டிட்டு வந்துடுங்க. போன்ல அவன் குரலே சரியில்ல. ஒரு வாரமா அங்கயே படுத்துக் கிடக்கான்."

"வேலை இருக்கும்மா அவனுக்கு."

"எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான். உங்களை நம்பித்தான் சொல்றேன்."

தாயும் தகப்பனும் போன பிறகு இவள்தான் அவனைத் தூக்கி வளர்த்தாள். கல்யாணத்தின்போது எனக்குப் பெண்டாட்டியோடு ஒரு பிள்ளையும் சேர்ந்து வந்தது என்று என் கூட்டாளிகள் கிண்டல் செய்வார்கள். அது கிண்டலே இல்லை, உண்மைதான். அவன்மீது எனக்கும் பாசம் உண்டு.

அந்தக் கட்டடம் முன்பு நோயாளிகள் வார்டாக இருந்தது. ஜன்னல்களை அடைத்துப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். பட்டப்பகலிலேயே நடைபாதையில் விளக்கு எரிய வேண்டும். சுவரில் கட்டில் உரசிய தழும்புகள் இன்னும் வரிசையாக இருந்தன. பினாயில் வாடைக்கு அடியில் வேறொரு வாடையும் இருந்தது. ஈரமான இரும்பைக் கையில் வெகுநேரம் பிடித்திருந்தால் உள்ளங்கையில் ஒரு வாடை தங்குமே, அது.

மச்சினன் நடைபாதை முனையில் நின்றிருந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். வலது உள்ளங்கையில் கட்டு.

"என்ன மாப்ள இது?"

"கண்ணாடி கிழிச்சிடுச்சு மாமா. வாங்க, ரூமைப் பாருங்க."

"உன்னைப் பார்க்கத்தான் உங்க அக்கா அனுப்பியிருக்கா. சட்டுபுட்டுன்னு முடிச்சிட்டுக் கிளம்பு."

அவன் முன்னால் நடந்தான். வழியில் செல் வளர்க்கும் அறையின் கண்ணாடிக் கதவு வழியே இன்னொருவன் தெரிந்தான். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான். எனக்குப் பழக்கமானவன்தான். எதைச் சொன்னாலும் ரகசியம் போலச் சொல்வதால் எல்லோரும் அவனைக் குசுகுசு என்று கூப்பிடுவார்கள். டீ வேண்டும் என்பதைக்கூட உளவாளி மாதிரி காதோரம் வந்துதான் சொல்வான். நான் கண்ணாடியைத் தட்டினேன். அவன் திரும்பவில்லை.

குளிர் அறை நல்ல அகலம். மூன்று பக்கமும் இரும்பு அலமாரி, நடுவில் தண்ணீர் வடிய ஒரு சாக்கடைத் துளை, கனமான கதவு. கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க என் கருவிப் பெட்டியை முட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. கேஸ் சரியாக இருந்தது. காற்று வரும் வாயில் கையை வைத்தால் விரல் விறைத்தது. இரண்டடி தள்ளி நின்றால் வெதுவெதுப்பு. என் அனுபவத்தில் இப்படி ஒரு கோளாறை நான் பார்த்ததே இல்லை. சுவரிலிருந்த அளவுமானி முப்பத்தேழு டிகிரி காட்டியது. அது உடம்பின் சூடு.

சூடு எங்கிருந்து வருகிறது என்று கையை நீட்டி நீட்டிப் பார்த்தேன். மூலை அலமாரியில் பெரிய கண்ணாடிப் புட்டிகள் வரிசையாக இருந்தன. உள்ளே வெளிறிய மஞ்சள் தண்ணீர். ஒன்றைத் தொட்டேன். தூங்குகிற குழந்தையின் வயிற்றைத் தொட்டது போல் இருந்தது.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"என்னடா இது?"

"ஆல்புமின் மாமா." அவன் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ரத்தத்தை அப்படியே வச்சா, சிவப்பெல்லாம் அடியில போய் மேல மஞ்சளா தெளிஞ்சு நிக்கும்ல, சீரம். அதுல கரைஞ்சிருக்கிற புரதத்துல பாதிக்கு மேல இதுதான். இதை மட்டும் தனியா பிரிச்சு எடுப்போம். இது இல்லாம இங்க ஒரு வேலையும் நடக்காது."

"அப்படி என்ன வேலைக்கு?"

"எல்லாத்துக்கும்தான். செல்லுக்குத் தீனியில கலப்போம். மருந்து கெட்டுப் போகாம இருக்கப் போடுவோம். முக்கியமா, பரிசோதனைத் தட்டுல சின்னச் சின்னக் குழி இருக்கும்ல, அதுல காலி இடம் இருந்தா வேண்டாதது எதாவது வந்து ஒட்டிக்கும். அதனால முதல்ல இதைப் பூசி காலி இடத்தை எல்லாம் அடைச்சிடுவோம். இது சுமை தூக்கற கூலியாள் மாதிரி மாமா. ரத்தத்துல எதை ஏத்தி விட்டாலும் முதுகுல தூக்கிட்டுப் போகும், எதையும் கேக்காது."

மேசையில் நீலத் தூள் அடைத்த ஒரு கண்ணாடிக் குழாய் நின்றது. அதன் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏதோ இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நீலம் ஆல்புமினை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளுமாம், பிறகு உப்புத் தண்ணீர் விட்டால் விட்டுவிடுமாம். எனக்குப் பாதிதான் புரிந்தது. சொட்டு விழுகிற சத்தம் மட்டும் பிடிக்கவில்லை. இரண்டு சொட்டு, ஒரு இடைவெளி. மறுபடி இரண்டு சொட்டு. நெஞ்சில் காது வைத்தால் கேட்கிற அதே தாளம்.

"வழக்கமா மாட்டு ரத்தத்துல இருந்து எடுத்தது பொடியா வரும் மாமா. சோப்பைச் சீவினது மாதிரி இருக்கும். இந்தத் தடவை சரக்கு துறைமுகத்துல மாட்டிக்கிச்சு. எங்க தலைமை டாக்டரம்மா அவசரப்பட்டாங்க. பெரிய ஆஸ்பத்திரி மேல்மாடி வார்டுல எரிக்கறதுக்கு ஒதுக்கி வச்சிருந்த பைகளை இறக்கிட்டு வரச் சொன்னாங்க."

"என்ன பை?"

அவன் கதையைச் சொன்னான்.

அந்த மேல்மாடி வார்டில் ஒரு ஆள் கிடந்தானாம். கல்குவாரியில் வேலை பார்த்தவன், மலை மாதிரி உடம்பு. அவனுடைய ரத்தத்தில் இருந்த ஏதோ ஒன்று அவன் மூளையையே அரித்துக்கொண்டிருந்தது. வெறி பிடித்துக் கட்டிலோடு துள்ளுவான். அதனால் அவனைக் கட்டிப்போட்டு, ரத்தத்தை மெஷின் வழியாக ஓட விட்டு, அந்த மஞ்சள் தண்ணீரை மட்டும் வெளியே எடுத்துவிட்டு, அதற்குப் பதில் வேறு ஆட்களுடையதை ஏற்றினார்கள். இது வழக்கமான வைத்தியம்தான். ஆனால் பை நிறைந்து நர்ஸ் எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் அவன் கத்துவானாம். அது என்னோடது, எங்கே கொண்டு போறே, கொடு. கடைசி முறை கட்டைப் பிய்த்துக்கொண்டு நர்ஸின் மணிக்கட்டைப் பிடித்து நொறுக்கிவிட்டான். அவன் பிடியை விடுவிப்பதற்குள் அவன் உயிரே போய்விட்டது. செத்த பிறகு விரல்களை ஒவ்வொன்றாக உடைத்துத்தான் எடுத்தார்களாம்.

"அந்தப் பைகளா இது?"

"எரிக்கப் போற சாமான்தானேன்னாங்க. நல்லா சூடு காட்டித்தான் எடுத்தோம் மாமா. எந்தக் கிருமியா இருந்தாலும் அந்தச் சூட்டுல செத்துடும். ஆல்புமின் மட்டும்தான் தாங்கும்."

தாங்கியிருக்கிறது.

"அதுலதான் ஒரு தப்பு நடந்து போச்சு. எதை அளந்தாலும் ஒண்ணும் போடாத ஒரு வெறும் குழியைப் பக்கத்துல வச்சுக்குவோம். அதுல என்ன காட்டுதோ அதை மத்ததுல கழிச்சிடணும். அப்பதான் கணக்கு சுத்தமா வரும். ஆனா அந்த வெறும் குழியிலயும் இதையேதான பூசியிருந்தோம்? மெஷின் பாட்டுக்கு அவனைக் கழிச்சிட்டே இருந்திருக்கு. எல்லாம் சுத்தமா இருக்குன்னே காட்டிச்சு. நேத்து சந்தேகப்பட்டு, எதுவுமே பூசாத தட்டை வச்சுப் பார்த்தேன். மத்த எல்லாக் குழியிலயும் ஏதோ இருக்கு மாமா. அதுவும் சும்மா இல்ல, வளர்ந்துட்டே போகுது."

"கொட்டித் தொலைக்க வேண்டியதுதானே?"

அவன் கைக்கட்டை அவிழ்த்துக் காட்டினான். கண்ணாடி கிழித்த காயமே இல்லை அது. அரைவட்டமாகப் பல் பதிந்து, நடுவில் சதை இல்லை.

"கொட்டத்தான் போனேன். குசுகுசு கடிச்சிட்டான். அவன்தான் செல்லுக்குத் தினமும் இதை ஊத்துறவன். முதல் நாளே விரல்ல வெட்டு வாங்கியிருந்தான், அதுல இது பட்டிருக்கு. கடிச்சிட்டு அவனே அழுதான் மாமா, ஏன் பண்ணேன்னு தெரியலன்னு. நான் இதை விட்டுட்டு வந்துட்டா இதைப் பூசின தட்டு எல்லாம் பெட்டி கட்டி ஊர் ஊரா ஆஸ்பத்திரிகளுக்குப் போயிடும். பின்னாடி எரியுலை இருக்கு. நீங்க ஒரு கை பிடிங்க, எல்லாத்தையும் போட்டுட்டு நான் வந்துடறேன். அக்கா மேல சத்தியமா."

நான் அந்த நேரமே அவனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வெளியே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அரை மணி நேர வேலைதானே என்று நினைத்துவிட்டேன்.

புட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றினோம். ஒவ்வொன்றும் கைக்குள் லேசாகத் துடித்தது. நாலைந்து புட்டி ஏற்றியிருப்போம், வாசலில் செருப்புச் சத்தம்.

டாக்டரம்மா. நரைத்த கிராப்பு, வெள்ளைக் கோட்டு, எந்நேரமும் யாரையோ திட்டி முடித்துவிட்டு வந்த முகம்.

"என்னப்பா நடக்குது இங்க? நான் ரூமைச் சரி பண்ண ஆள் கூப்பிட்டா, வீடு காலி பண்ற ஆள் வந்திருக்கு?"

"மேடம், இது வேண்டாம். கொட்டிடலாம்" என்றான் மச்சினன்.

"உனக்குப் பைத்தியமா? சாயங்காலம் தட்டு போயாகணும். தள்ளு."

அவர் வண்டியிலிருந்து ஒரு புட்டியை வெடுக்கென்று எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கதவைப் பார்த்துத் திரும்பினார்.

அங்கே குசுகுசு நின்றிருந்தான்.

அவன் வந்த சத்தமே கேட்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றியிருந்தான். கையில் கருவிகளை மாட்டி வைக்கிற இரும்புக் கம்பி. அவன் டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. புட்டியைத்தான் பார்த்தான்.

"எங்கே கொண்டு போறே?"

அது குசுகுசுவின் குரலே இல்லை. வெட்டவெளியில் பாறைகளுக்கு மேலே நின்று கத்திப் பழகியவனின் குரல். அலமாரிகள் அதிர்ந்தன.

"ஏய், யார்கிட்ட..." டாக்டரம்மா அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

கம்பி அவர் தாடையில் இறங்கியது. எலும்பு உடைகிற சத்தம் எனக்குத் தெரியும், மரக்கட்டை உடைவதைப் போல் இருக்காது, ஈரமாக இருக்கும். அவர் புட்டியை விடவில்லை. இரண்டாவது அடி நெற்றியில். மூன்றாவது அடிக்கு முகம் இல்லை. புட்டி தரையில் விழுந்து சிதற, அவன் மண்டியிட்டு அவர் விரல்களைப் பிடித்து, புட்டியைத் தொட்ட விரல்களை, ஒன்று ஒன்றாகப் பின்பக்கம் மடக்கி ஒடித்தான். அவர் அதற்குள் செத்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். அப்படித்தான் நினைக்க விரும்புகிறேன்.

மச்சினன் அலறினான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கதவுக்குப் பாய்ந்தேன்.

குசுகுசு என் கருவிப் பெட்டியைக் காலால் உதைத்தான்.

கதவு சாத்திக்கொண்டது.

விளக்கும் போனது.

குளிர் அறைக்குள் இருட்டு என்றால் அது வேறு மாதிரி. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். காற்றாடியும் நின்றுவிட்டது. மூச்சுச் சத்தம் மட்டும். என்னுடையது. மச்சினனுடையது. மூன்றாவதாக ஒன்று.

நான்காவதாகவும் ஒன்று கேட்டது.

"மாமா" என்று மச்சினன் என் காதில் முனகினான். "அசையாதீங்க."

அலமாரியில் மிச்சமிருந்த புட்டிகள் ஒன்றோடொன்று உரசிக் கிலுகிலுத்தன. யாரும் தொடாமலே ஒன்று வெடித்தது. அடுத்தது. அடுத்தது. வெதுவெதுப்பான தண்ணீர் என் செருப்புக்குள் புகுந்தது. நுரை கணுக்கால்வரை ஏறியது. அந்த இரும்பு வாடை மூக்கை அடைத்தது.

"எல்லாம் என்னோடது."

குரல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்ல முடியவில்லை. அலமாரிகளிலிருந்தும் வந்தது, தரையிலிருந்தும் வந்தது. இடுப்பில் செருகியிருந்த பைப் ரெஞ்சைக் கையில் எடுத்தேன்.

கம்பி காற்றைக் கிழித்தது. என் தோள்பட்டை நெருப்பாக எரிந்தது. நான் குருட்டுத்தனமாக வீசினேன், இரும்பில்தான் பட்டது. அதற்குள் எனக்குப் பின்னால் மச்சினன் கத்தினான், தொண்டை கிழிய, சின்னப் பையனாக இருந்தபோது கத்தியதைப் போல. "அக்கா! அக்கா!" சதை கிழிகிற சத்தமும், அதைத் துப்புகிற சத்தமும் கேட்டன.

அந்தச் சத்தத்தைக் குறி வைத்து அடித்தேன்.

முதல் அடி முதுகில். அவன் விடவில்லை. இரண்டாவது அடிக்கு ஏதோ நொறுங்கியது. அப்புறம் எத்தனை அடித்தேன் என்று எனக்குத் தெரியாது. கோபம் வந்திருந்தது எனக்கு, பயமெல்லாம் போய் வெறும் கோபம். கை வலித்து ரெஞ்ச் நழுவியபோதுதான் நிறுத்தினேன்.

காலடியிலிருந்து குசுகுசுவின் குரல் வந்தது. இது அவனுடைய குரல்தான். ரகசியம் போல, டீ கேட்பது போல.

"அண்ணே... அவன் போயிட்டான்ணே. என்கிட்ட இல்ல இப்போ."

"எங்க போனான்? டேய், எங்க போனான்?"

அவன் மூச்சு நின்றிருந்தது.

தடவித் தடவிப் போய்க் கதவின் உட்பக்கக் குமிழைக் கண்டுபிடித்து முட்டித் திறந்தேன். நடைபாதை வெளிச்சம் உள்ளே விழுந்தது. அப்போதுதான் பார்த்தேன். மச்சினன் சுவரில் சாய்ந்து கால் நீட்டிக் கிடந்தான். கழுத்தோரம் கடித்துப் பிய்க்கப்பட்டிருந்தது. தொடையில் புட்டிக் கண்ணாடி ஒன்று பாதிவரை இறங்கியிருந்தது. ரத்தம் பீறிட்டுக்கொண்டிருந்தது.

அந்த அறையின் தரை நடுத்துளையைப் பார்த்துச் சரிவாகப் போடப்பட்டது. இதுபோன்ற தரை போடுவது எனக்குத் தெரியும். கொட்டினது எதுவானாலும் துளைக்குத்தான் போகும். ரத்தம் அப்படித்தான் போனது. ஆனால் அந்த மஞ்சள் தண்ணீரும் நுரையும் மேடேறி, எதிர்த்திசையில், மச்சினனின் தொடைக்குப் போய்க்கொண்டிருந்தன. போய் அங்கே தேங்கவில்லை.

உள்ளே போய்க்கொண்டிருந்தன.

நான் பெல்ட்டைக் கழற்றி அவன் தொடையை இறுக்கிக் கட்டினேன். அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மழையில் ஓடினேன். அவசர சிகிச்சைப் பிரிவு எதிர்க் கட்டடம்தான். "தூங்கிடாதடா மாப்ள, அக்கா கொன்னுடுவா என்னை" என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். அவன் என் முதுகில் லேசாகச் சிரித்தான். அது அவனுடைய சிரிப்புதான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. அதுதான் கடைசி.

அங்கிருந்த சின்ன டாக்டர் அவனைக் கட்டிலில் போட்டு, ஊசி குத்தி, உப்புத் தண்ணீர் ஏற்றி, நெஞ்சை அமுக்கு அமுக்கென்று அமுக்கினார். ரத்தம் கொண்டு வர ஓடியவர் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. திரையில் கோடு படுத்துவிட்டது. டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

"சாரிங்க. உடம்புல ரத்தமே இல்ல. எதை ஓட்டறது?"

போர்வையை முகம்வரை இழுத்துவிட்டார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவளிடம் என்ன சொல்வேன் என்பதைத் தவிர எதுவும் மண்டையில் ஓடவில்லை. போனை எடுத்தேன், அவள் பெயரைப் பார்த்தேன், வைத்துவிட்டேன். நம்பித்தான் சொல்றேன் என்றாளே.

போர்வை அசைந்தது.

அவன் எழுந்து உட்கார்ந்தான். என்னைப் பார்த்தான். முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"அழாதீங்க மாமா. வீட்டுக்குப் போலாம்."

ஆஸ்பத்திரியே அமளிதுமளிப்பட்டது. ஒயர் கழன்றிருக்கும் என்றார் சின்ன டாக்டர். சொல்லிவிட்டு ஒயர்களை ஒவ்வொன்றாக மறுபடி மாட்டிப் பார்த்தார். பெரிய டாக்டர் வந்து அவரைத் திட்டினார். ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று மச்சினன் ஒரே பிடியாக நின்றான். யாரோடதும் எனக்கு வேண்டாம் என்றான். நாடி நன்றாகத்தான் ஓடியது. சில நாளில் காயம் ஆறிவிட்டது, பெரிய டாக்டரே அதிசயப்படுகிற அளவுக்கு.

போலீஸ் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். வேலைப்பளுவில் மனம் பேதலித்தவன் செய்த கொலை, தற்காப்புக்காக நடந்த இன்னொரு சாவு என்று முடிவுகட்டினார்கள். ஆய்வகத்தில் மிச்சமிருந்த தட்டுகளை எல்லாம் எரியுலையில் போட்டார்கள். போட்டதை நான் நின்று பார்த்தேன். அத்தோடு தொலைந்தது என்று மூச்சு விட்டேன். குசுகுசுவை நினைத்து அழுகை வந்தது. பாவம், யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காதவன்.

மச்சினனை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். என் மனைவி என் காலில் விழப் போனாள், தடுத்துவிட்டேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்றைக்கு எனக்குப் பெருமைகூட இருந்தது.

அவன் ஒழுங்காகச் சாப்பிட்டான், டிவி பார்த்தான், அக்காவோடு பழைய கதை பேசினான். எல்லாம் சரியாகச் சொன்னான். ஒரு விஷயம்தான் இடித்தது. அவன் என்னைக் கேலி செய்யவே இல்லை. என்னை ஓட்டாமல் அவனால் ஒரு வேளை இருக்க முடியாது.

ஒரு காலையில் அவள் அவனுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். கைக்காயம் இன்னும் இழுக்கிறது என்று சொல்லியிருந்தான். நகவெட்டி சதையைக் கடித்துவிட்டது.

"ஐயோ, வெட்டிட்டேனே! என்னங்க... இங்க வாங்களேன். இது என்ன, ரத்தமே வரல?"

போய்ப் பார்த்தேன். அவன் விரல் நுனியில் ஒரு சொட்டு. தெளிவாக, வெளிர் மஞ்சளாக, சிவப்பு என்ற பேச்சுக்கே இடமில்லாமல். ஒன்று வழிந்தது, இன்னொன்று ஊறியது. அவள் துண்டால் துடைத்தாள். அவன் துண்டை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கினான். ஈரம் பட்ட மூலையை வாயில் வைத்துச் சப்பினான். என்னைப் பார்த்துக்கொண்டே சப்பினான்.

"சீ, அசிங்கம் பிடிச்சவனே" என்று அவள் சிரித்தாள்.

நான் அவளைக் கடைக்கு அனுப்பினேன். என்ன வாங்கச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. அவள் தெருவில் இறங்கியதும் கதவைத் தாழிட்டேன். சமையலறையிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தேன். என் மச்சினன் முகம் அது. பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய் விட்ட முகம். கை மேலே எழவில்லை.

"அக்கா வர்றதுக்குள்ள முடிச்சிடணும் மாமா" என்றான் அவன், ரொம்பப் பொறுமையாக. "யாரு யாரைங்கறதுதான் பாக்கி."

"என் மச்சினன் எங்கடா?"

"இங்கதான் இருக்கான். அடியில."

கதவு தட்டப்பட்டது. அவள் பர்ஸை மறந்துவிட்டுப் போயிருந்தாள். பட்டப்பகலில் எதற்குத் தாழ்ப்பாள் என்று என்னைத் திட்டிக்கொண்டே உள்ளே வந்தாள். அவன் எழுந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். "இனிமே நீ தனியா எங்கயும் போகாதக்கா. எனக்குப் பயமா இருக்கு." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றிலிருந்து அவள் அவனை விட்டு நகர்வதில்லை. அவனும் நகரவிடுவதில்லை. நான் வேலைக்குப் போவதை விட்டுவிட்டேன். இரவில் மூன்று பேரும் ஒரே அறையில் படுக்கிறோம். நான் தூங்குவதில்லை, அவனும் தூங்குவதில்லை. நடுவில் அவள் நிம்மதியாகத் தூங்குகிறாள்.

ஒரு நாள் மட்டும் விடியும் நேரத்தில் நான் கண்ணசந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. விழித்தபோது அவன் தன் இடத்தில்தான் படுத்திருந்தான். அவள் தூக்கத்தில் முழங்கையில் இருந்த ஒரு புதுக் கீறலைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

நேற்று மத்தியானம் காய் நறுக்கும்போது கத்தி வழுக்கி அவள் கட்டைவிரலில் இறங்கியது. ஆழமான வெட்டு. நான் துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

முதலில் வந்த சொட்டு தெளிவாக, மஞ்சளாக இருந்தது. அதற்குப் பிறகுதான் சிவப்பு வந்தது.

துடைக்கக் கையை நீட்டினேன். அவள் கட்டைவிரலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சுவர்வரை பின்னால் நகர்ந்தாள்.